திருப்பி வைங்கண்ணே

ராணியைக் கொண்டுவந்து என் குதிரையின் வாயில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான் மீரான். நான் முதலில் நம்பவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது, வெட்டினால் பின்னால் ஒன்று காத்திருக்கிறது என்றுதான் பட்டது. அவனுடைய யானையைப் பார்த்தேன், பிஷப்பைப் பார்த்தேன், மூலையில் ஒடுங்கிக் கிடக்கிற என் ராஜாவைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சும்மா வைத்திருக்கிறான். இந்த டயாலிசிஸ் ஹாலில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு, நடுவில் சக்கரம் வைத்த சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, போன ஆடியிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இடது கையில் ஊசி, அவனுக்கு வலது கையில். அவன் இடதுகைப் பழக்கக்காரன், அதனால்தான் ஆட்டமே நடக்கிறது, இல்லாவிட்டால் மேசைப் பக்கம் இருக்கிற கை ஊசியோடு அசையாமல் கிடந்திருக்கும். இத்தனை ஆட்டத்தில் ஒருநாள்கூட அவன் ஒரு சிப்பாயைக்கூடச் சும்மா விட்டதில்லை. சும்மா விடுகிறவன் நான்தான். வத்தலக்குண்டில் இரும்புக்கடை வைத்து ஆணியும் கம்பியும் நிறுத்துப் போட்ட கை, செஸ்ஸை என்ன கண்டது. சின்ன வயதில் சித்தப்பா வீட்டில் ஆடியது கொஞ்சம் ஞாபகம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு அவனோடு உட்கார்ந்தேன். அவன் காலேஜில் காமர்ஸ் எடுக்கிறவன், யுனிவர்சிட்டிக்காக ஆடியவன். நான் காய் வைத்ததும் அவன் போர்டைப் பார்ப்பதில்லை, என் மூஞ்சியைப் பார்ப்பான். பார்த்துவிட்டு, “அண்ணே, யானை நிக்குது பாருங்க. திருப்பி வைங்கண்ணே” என்பான். முதலில் கூச்சமாக இருந்தது. “வச்சது வச்சதுதான் தம்பி, வெட்டுங்க” என்பேன். “அட, இது என்ன டோர்னமெண்டா? சும்மா கெடைச்சத வெட்டி நான் என்ன பண்ணப் போறேன், திருப்பி வைங்க.” அப்புறம் பழகிவிட்டது. அவன் சொல்வதற்கு முன்பே என் கை போய்க் காயை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. அப்படித் திருப்பி வைத்துத் திருப்பி வைத்து நான் ஜெயித்த ஆட்டமும் உண்டு. இன்றைக்கு நான் ஜெயித்தேன் என்று வீட்டில் என் பெண்டாட்டி ஒச்சம்மாளிடம் சொன்னதும் உண்டு. சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சை எடுப்பேன்.

இப்போது நான் சொல்ல வேண்டும். தம்பி, ராணி நிக்குது பாருங்க. இவ்வளவுதான் வார்த்தை. வாயைத் திறந்தால் ஆயிற்று. நான் திறக்கவில்லை. என்ன அவசரம், யோசிக்கிற மாதிரி கொஞ்சம் இருக்கலாம், அவனே பார்த்துவிடுவான், பார்த்தால் எடுத்துக்கொள்ளட்டும், நான் தடுக்கவா போகிறேன். அவன் பார்க்கவில்லை. கொட்டாவி விட்டான். காலையில் மெஷினில் போட்டுக் கொஞ்ச நேரத்திலிருந்தே விட்டுக்கொண்டிருக்கிறான், வாயைக்கூட மூடிக்கொள்ளாமல், தாடை கழன்று விழுகிற மாதிரி. எனக்கு அது ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. என்னோடு ஆடுவது அவனுக்கு அலுத்துவிட்டது. அலுக்கத்தானே செய்யும், நன்றாக ஆடுகிறவன் எத்தனை நாளைக்கு ஒரு இரும்புக்கடைக்காரனுக்குக் காயைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பான். தூக்கம் வருகிறதென்றால் தூங்க வேண்டியதுதானே, நானா கூப்பிட்டேன், அவன்தான் வந்து படுத்ததும் போர்டை விரித்தான். அக்கா மகள் கல்யாணத்துக்குப் பழனி போய்வந்திருக்கிறான், “ரெண்டு நாளா நாக்கக் கட்ட முடியலண்ணே, சர்பத்து, பிரியாணி, தண்ணி, எல்லாம் ஆச்சு” என்று சிரித்தான், எடை பார்த்த சிஸ்டர் பிரிசில்லா திட்டினாள், “இவ்வளவு தண்ணியையும் இன்னிக்கு எடுக்கணுமே சார், தாங்குவீங்களா?” “எடுங்க சிஸ்டர், தாங்கலாம்.” சர்பத்து என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் ஊறி உடனே வறண்டது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டு அது கரைந்து முடிகிறவரைக்கும் உயிரோடு இருக்கிற சுகம் தெரிகிற நிலைமையில் நான் இருக்கிறேன், இவன் சர்பத்து குடித்துவிட்டு வந்து எனக்கு முன்னால் கொட்டாவி விடுகிறான். ராணியை எடுத்து எங்கேயோ வைக்கிறான், பார்க்காமல். அந்த மட்டுக்குத்தான் என்னை மதிக்கிறான். அலட்சியத்தில் வைத்த காயை நான் ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும். தெரியாமல் வைத்தால் கொடுக்கலாம். அலட்சியமாக வைத்தால்? ஆனால் நான் வைத்ததெல்லாம் அவன் கொடுத்தானே, அது அலட்சியமா தெரியாமையா என்று கேட்டானா. கேட்கவில்லை. சரி, அதற்காக. அவன் மனது பெரிது, அவனுக்கு வயது இருக்கிறது, கிட்னிக்குப் பதிந்து வைத்திருக்கிறான், என்றைக்காவது போன் வரும், இந்த ஹாலை விட்டுப் போய்விடுவான், கொடுக்கிறவனுக்குக் கொடுக்க என்ன கஷ்டம். எனக்கு அப்படியா. எனக்கு இந்தக் கட்டில்தான், இந்த மெஷின்தான், ரத்தம் வெளியே போய்ச் சுற்றி உள்ளே வருகிற இந்தக் குழாய்தான். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த நத்தத்துக்காரர் ஒருநாள் வரவில்லை, அடுத்த முறை அந்தக் கட்டிலில் ஒரு பொம்பளை படுத்திருந்தாள், யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, மீரான் மட்டும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வாய்க்குள் எதையோ ஓதினான். என் முறை வருவதற்கு முன்னால், யாரும் திருப்பிக் கொடுக்காமல், நானாக ஜெயித்தேன் என்று ஒரு ஆட்டம் வேண்டும் எனக்கு. ஒன்றே ஒன்று. கேட்கக்கூடாதா.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். ராசாங்கம் என் கூடப்பிறந்த தம்பி, எனக்கு ஒரு கிட்னி தருகிறேன் என்றவன். எல்லா டெஸ்டும் பொருந்தி வந்தது, டாக்டர் என் தோளில் தட்டினார், ஒச்சம்மாள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஒரு சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில் வந்தான். மேலே ஏறவில்லை, படியிலேயே நின்றான். கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் ஸ்கூட்டி பக்கத்தில் அவன் பெண்டாட்டி, முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு. “அண்ணே, அவ ரொம்ப அழுகுறா. புள்ளைக சின்னதா இருக்குதுகன்னு.” அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, அதற்கு மேல் சொல்ல வேண்டியதும் இல்லை. நான் என்ன சொன்னேன்? “போடா, கிறுக்குப் பயலே, நானே வேண்டாம்னு சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். ஷட்டரை நானே இழுத்தேன், ஊசி போடுகிற இந்தக் கையோடு. கொடுத்ததை அவன் திருப்பி எடுத்துக்கொண்டான், நான் எடுத்துக்கொள்ள விட்டேன், அதைவிடப் பெரிதாக ஒருத்தன் என்னத்தை விட முடியும். அன்றைக்கு அவன் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனிமேல் நான் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, என் பங்கை நான் கொடுத்தாயிற்று. ஆனால் அது ராசாங்கத்தோடு உள்ளது, மீரான் என்ன செய்தான். மீரான் ஒன்றும் செய்யவில்லை. மீரான் திருப்பி வைங்கண்ணே என்றான். மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன், ராணியின் முன்னால், குதிரை வாயில். கோடிக் கட்டிலில் ஒரு கிழவி கால் இழுத்துக்கொண்டு கத்துகிறாள், சிஸ்டரும் டெக்னீசியன் பையனும் அங்கே போய்க் காலைப் பிடித்து நீவிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஆளில்லை. மீரான் கையை மேசையில் போட்டபடி காத்திருக்கிறான். நான் போர்டை மட்டும் பார்க்கிறேன். அவன் மூஞ்சியைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தெரிகிறது, அதனால் பார்க்கவில்லை.

குதிரையைத் தூக்கினேன். தூக்கிக் கொஞ்சம் காற்றிலேயே வைத்திருந்தேன், இப்போதாவது ‘அடடா’ என்று ஒரு சத்தம் வரட்டும், வந்தால் நானே சிரித்துக்கொண்டு, எடுத்துக்கங்க தம்பி என்று சொல்லிவிடலாம், எல்லாம் சரியாகிவிடும். வரவில்லை. வெட்டினேன். ராணியைத் தூக்கி என் பக்கம் வைத்தேன். சின்னக் காய்தான், பிளாஸ்டிக், உள்ளே ஈயக்குண்டு, என்றாலும் என்ன கனம். நெஞ்சு அடித்துக்கொண்டது, காதுக்குள் கேட்டது. சந்தோஷமா இது? சந்தோஷம் மாதிரிதான் இருந்தது, ஆனால் திருடிக்கொண்டு ஓடுகிறவனுக்கும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். “நல்ல மூவ்ண்ணே” என்றான் மீரான். நாக்கு தடித்த மாதிரி, எங்கேயோ தள்ளி நின்று சொல்கிற மாதிரி ஒரு குரல். அதையும் நான் எனக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொண்டேன். தோற்கப் போகிறவன் குரல் இப்படித்தான் இருக்கும், என் குரல் இத்தனை நாள் இப்படித்தான் இருந்திருக்கும், கொஞ்சம் இருந்து பார்க்கட்டும். நல்ல மூவாம். பெருந்தன்மை. ராணி போனபிறகும் பெருந்தன்மை. அவன் கை வந்தது, என் கண்ணுக்கு முன்னால் அந்தரத்தில் கொஞ்சம் தடுமாறியது, தன் குதிரையைப் பிடித்தது, பிடித்து நேராக இழுத்துக்கொண்டு போயிற்று, யானையை இழுப்பது மாதிரி, கட்டம் தாண்டிக் கட்டம் தாண்டி, இரண்டு கட்டத்துக்கு நடுவில் கோட்டின் மேல் விட்டுவிட்டது. “தம்பி, அது குதிரை” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், கிண்டல் செய்கிறான் என்று. கோட்டின் மேல் நின்ற குதிரைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தது. தண்ணீர். ஏசி போட்ட ஹால், நான் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டிருக்கிறேன், எங்கிருந்து தண்ணீர். அப்புறம்தான் நிமிர்ந்து அவன் மூஞ்சியைப் பார்த்தேன். நனைந்து கிடந்தது. நெற்றியிலிருந்து, மீசையிலிருந்து, தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நிறமே போயிருந்தது, வெள்ளையடித்த சுவர் மாதிரி. உதடு மட்டும் கருநீலம். கண் என்னைத்தான் பார்க்கிறது, ஆனால் என் மேல் நிற்கவில்லை. “அண்ணே, லைட்ட ஏண்ணே அணைச்சுட்டாங்க?” என்றான்.

வெளிச்சத்தில் ஹால் பளீரென்று இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் வேறு. “சிஸ்டர்!” என்று கத்தினேன். என் குரல்தானா அது. “சிஸ்டர், இங்க வாங்க, மீரானப் பாருங்க, சிஸ்டர்!” எழுந்திருக்கப் பார்த்தேன், ஊசிக் கை இழுத்தது, என் மெஷின் கீச்சுகீச்சென்று அலற ஆரம்பித்தது. பிரிசில்லா ஓடிவந்தாள், மேசையை இடுப்பாலேயே ஒரு தள்ளு தள்ளினாள், அது உருண்டு போய் அடுத்த கட்டிலில் மோதியது, காயெல்லாம் தரையில் சிதறி ஓடிற்று. கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கினார்கள், காலைத் தூக்கினார்கள். “சார், மீரான் சார், என்னைப் பாருங்க, சார்!” பிரஷர் பட்டை இறுகி இறுகித் தளர்ந்தது, மெஷின் நம்பரே காட்டவில்லை. “சலைன் ஃபுல்லா விடு. டாக்டர கூப்பிடு, ஓடு!” என்னைத் திரும்பிப் பார்க்காமல் பிரிசில்லா கேட்டாள், “எவ்வளவு நேரமா சார் இப்படி இருக்காரு?” எனக்குத் தெரியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ராணிக்கு முன்னாடி என்று சொன்னால் அவளுக்குப் புரியுமா. “கொட்டாவி விட்டாரா?” “விட்டாரு.” “எப்ப இருந்து?” “மொதல்ல இருந்தே சிஸ்டர்.” ஒரு நொடி திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “கொட்டாவி வந்தா பிரஷர் எறங்குதுன்னு அர்த்தம், ஒடனே கூப்பிடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லித்தானே சார் வச்சிருக்கேன்” என்றாள், மெதுவாக, அவளுக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. சொல்லியிருக்கிறாள். எனக்கும் சொல்லியிருக்கிறாள், முதல் நாளே, இந்தக் கட்டிலில் வைத்து. அப்புறம் டாக்டர் வந்தார், திரையை இழுத்தார்கள், நெஞ்சை அழுத்துகிற சத்தம், கட்டில் கிரீச் கிரீச்சென்று ஆடுகிற சத்தம், யாரோ எண்ணுகிற சத்தம். திரை விலகியதும் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவனுடைய இடது கை ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கி ஆடிக்கொண்டு போயிற்று.

ஹால் பழையபடி ஆனது. அதுதான் தாங்க முடியவில்லை. கிழவி கத்துவதை நிறுத்திவிட்டிருந்தாள், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன, என் ரத்தம் வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருந்தது, இன்னும் நேரம் பாக்கி இருக்கிறது, எழுந்து போக முடியாது. தம்பி, ராணி நிக்குது பாருங்க என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும். எங்கண்ணே என்று கேட்டிருப்பான். எங்கண்ணே என்று அவன் கேட்கிற குரலிலேயே நான் நிமிர்ந்து பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் அப்போதே கத்தியிருப்பேன். எவ்வளவு நேரம் அது, நான் போர்டையே பார்த்துக்கொண்டு, ராசாங்கத்தை நினைத்துக்கொண்டு, சர்பத்தை நினைத்துக்கொண்டு, நியாயம் பேசிக்கொண்டு கிடந்தது. கொஞ்ச நேரம்தான். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு. ஒன்றும் ஆகாது, பிரஷர் இறங்கும், சலைன் விட்டால் ஏறிவிடும், எனக்கே இரண்டு தடவை ஆகியிருக்கிறது, எழுந்து உட்கார்ந்து டீ கேட்டேன். அவனும் கேட்பான். அடுத்த தடவை வருவான், வந்ததும் சொல்லிவிடலாம், தம்பி, அன்னிக்கு ராணி விட்டீங்களே, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன், சொல்லல. சிரிப்பான். அவன் சிரிப்பான், எனக்குத் தெரியும்.

அவன் பெண்டாட்டி சபுரா உள்ளே வந்தாள். வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. ஐசியூவில் பைலையும் கண்ணாடியையும் கேட்டார்களாம். கட்டிலுக்குக் கீழே குனிந்து பையை எடுத்தாள், செருப்பை எடுத்து அதையும் பைக்குள் வைத்தாள். “என்னண்ணே ஆச்சு? நல்லாத்தானேண்ணே வந்தாக. எதுவும் சொன்னாகளா? நெஞ்சு கிஞ்சு வலிக்குதுன்னு?” “இல்லம்மா. வலிக்குதுன்னு சொல்லல.” “என்னதான் சொன்னாக?” “நல்ல மூவ்ண்ணேன்னு சொன்னாரும்மா” என்றேன். அவள் முகம் ஒரு கணம் இளகிற்று. “அப்பச் சரி. வெளையாடிக்கிட்டுத்தான் இருந்தாக. வீட்டுக்கு வந்தா ஒங்களப் பத்தித்தான் பேச்சு. அண்ணனுக்குத் தோக்குறதுன்னா மூஞ்சி சின்னப்புள்ள மூஞ்சியாட்டம் ஆயிருது சபுரா, அதப் பாத்துட்டு எப்புடி வெட்டுறதும்பாக.” எனக்கு அந்த இடத்தில் படுத்திருக்க முடியவில்லை. “அம்மா, இன்னிக்கு அவரு ராணியத் தப்பா வச்சுட்டாரு. நான் பாத்தேன். பாத்துட்டு, சொல்லாம வெட்டிட்டேன். சொல்லியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்மா, அவருக்கு முடியலன்னு.” அவளுக்குப் புரியவில்லை. நான் எதற்கு இதைச் சொல்கிறேன் என்று கொஞ்சம் பயத்தோடுகூடப் பார்த்தாள். அப்புறம் எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, “வெளையாட்டுதானேண்ணே” என்றாள். காலில் ஏதோ தட்டுப்பட்டது, குனிந்து எடுத்தாள், ஒரு சிப்பாய், யாருடையது என்று பார்த்தாள், என் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாகப் போனாள்.

என் நேரம் முடிகிறபோது பிரிசில்லா திரும்பி வந்தாள். கண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது, ஆனாலும் கேட்டேன். “போயிட்டாரு சார்” என்றாள். “ஹார்ட் திரும்ப வரவே இல்ல.” டெக்னீசியன் பையன் வந்து பக்கத்து மெஷினை அணைத்தான், அப்புறம் என்னுடையதை. குழாயில் இருந்த ரத்தத்தையெல்லாம் எனக்குள் திரும்ப ஏற்றினான், ஒரு சொட்டு வீணாகாமல். ஊசியை உருவினான், பஞ்சை வைத்தான், என் வலது கையை எடுத்து அதன் மேல் வைத்தான். “அழுத்திப் பிடிங்க சார். விட்டுறாதீங்க.” அப்போதுதான் வராந்தாவிலிருந்து சபுராவின் குரல் கேட்டது. அழுகையாகத் தொடங்கவில்லை. யாரிடமோ எதையோ கேட்கிற மாதிரி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிற மாதிரித் தொடங்கி, பிறகு உடைந்தது. போக வேண்டும் என்று காலைக் கீழே போட்டேன். எழுந்தால் கை தளரும், தளர்ந்தால் ரத்தம் பீறிடும், சட்டை, தரை, எல்லாம் ஆகிவிடும். இதற்கு முன் ஆகியிருக்கிறது. காலைக் கீழே போட்டபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். அவள் குரல் தூரத்துக்குப் போயிற்று, யாரோ அணைத்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் போலும். நான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், வலிக்கிற அளவுக்கு, சொன்னதைவிட அதிக நேரம். பஞ்சுக்குக் கீழே, விரலுக்குக் கீழே, ரத்தம் குறுகுறுவென்று ஓடிக்கொண்டே இருந்தது.